நடைக்கணக்கு நம்மை ஆட்டிவைக்கிறதா?

சர்க்கரை குறையட்டும் என்று நடக்க ஆரம்பித்தேன். நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு நாள் இரவு 11 மணிக்கு, வாட்ச் 9,640 காலடிதான் காட்டுகிறதே, இன்னும் 10,000 ஆகவில்லையே என்று ஹாலில் சுற்றிச் சுற்றி நடந்தபோதுதான் உறைத்தது: இது உடம்புக்காக இல்லை, மனப்பதற்றம் அடங்குவதற்காக.

இந்த 10,000 என்பதே மருத்துவர்கள் வகுத்த எண் இல்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘மான்போ-கெய்’ என்ற நடைமானியிலிருந்து பரவியது. அந்தப் பெயருக்குப் பொருளே ‘பத்தாயிரம் அடி அளவி’தான்.

உங்களுக்கும் சந்தேகம் இருந்தால், ஒரு நாள் வேண்டுமென்றே 500 அடி குறைவாக நிறுத்திப் பாருங்கள். ‘சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தோன்றினால் கவலையில்லை. ஏதோ கெட்டது நடந்துவிடும் என்ற படபடப்பு வந்து, நடந்து முடித்தால்தான் தணிகிறது என்றால் கவனியுங்கள். பிரஷர் மெஷினில் திரும்பத் திரும்ப அளப்பதும், உணவுப் பாக்கெட் லேபிளை மறுபடி மறுபடி படிப்பதும் இதே சுழற்சியாக இருக்கலாம்: பயம், செயல், சின்ன நிம்மதி, மீண்டும் பயம். அந்தச் சின்ன நிம்மதிதான் பழக்கத்துக்குத் தீனி.

படபடப்பு வந்ததும் செய்துவிடாமல் 15 நிமிடம் தள்ளிப்போடுங்கள். பெரும்பாலும் அது தானாகவே இறங்கும். அப்புறம், இந்த எண்ணமும் செயலும் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றால் தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். இப்படிப் பயமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து ஆட்டிவைக்கும் ஓசிடி என்ற மனநலக் கோளாறுக்கு நல்ல சிகிச்சை உண்டு. இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.