பெருகிக்கொண்டே போன சரக்குக் கட்டணம்

கணக்குப் பிரிவு சொன்ன சரக்குக் கட்டணத்தைவிட பவர் பிஐ என்ற தரவு அறிக்கை மென்பொருளில் நாங்கள் தயாரித்த அறிக்கை எப்போதும் அதிகமாகவே காட்டியது. விற்பனைத் தொகையோ துளியும் பிசகாமல் பொருந்தியது. அந்த முரண்தான் துப்பு.

ஒரே ஒரு பில்லை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன். அதில் மூன்று பொருள்கள். பில்லுக்கு ஒருமுறை போட்ட 500 கட்டணம் 1,500 ஆகியிருந்தது. பவர் பிஐயில் தரவை ஏற்றுமுன் சீராக்கும் பகுதியான பவர் குவெரியில் பில் அட்டவணையையும் பொருள் வரிகளின் அட்டவணையையும் முன்பே யாரோ ஒன்றாக இணைத்திருந்தார்கள். அதனால் கட்டணம் ஒவ்வொரு வரியிலும் மறுபடி எழுதப்பட்டுக் கூட்டலில் பெருகியது. சராசரி எடுத்தால் போதும் என்பார்கள் சிலர். ஒரு பில்லுக்கு அது சரி, மொத்தத்துக்கு உதவாது.

இணைப்பை நீக்கி இரண்டையும் தனித்தனியே ஏற்றினேன். பில் எண்ணை வைத்து ஒன்றுக்குப் பல (ஒரு பில்லுக்குப் பல வரிகள்) என்ற உறவை அமைத்து, கட்டணத்தைப் பில் அட்டவணையிலிருந்து மட்டும் கூட்டினேன். தொகை பொருந்தியது.

ஆனால் பொருள்வாரியாகப் பிரித்தால் ஒவ்வொரு பொருளுக்கும் மொத்தக் கட்டணமே வருகிறது. இந்த உறவில் இயல்பாக வடிகட்டல் பில்லிலிருந்து வரிகளுக்குத்தான் பாயும், எதிர்த்திசையில் பாயாது. கட்டணத்தை எடைப்படி பிரிப்பதா, விலைப்படி பிரிப்பதா? அது மென்பொருள் தீர்க்கும் வழக்கு அல்ல. கணக்குப் பிரிவு இன்னும் பதில் சொல்லவில்லை.