திதி குறிக்கும்போது மலேசிய நேரத்தைக் கவனியுங்கள்

வருஷத் திதி கொடுக்க ஆங்கிலத் தேதி உதவாது. வேண்டியவை மூன்று: தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி. மூன்றையும் உயிர் பிரிந்த நேரத்தை வைத்தே பார்க்க வேண்டும், அடக்கம் செய்த நாளை வைத்து அல்ல. துக்க வீட்டில் யாராவது ஒருவர் அந்த மணியைச் சுவர்க் காலண்டரிலேயே எழுதிவிடுவது நல்லது. ஆஸ்பத்திரித் தாள் எங்கே என்று பிறகு அலைய வேண்டாம்.

பிசகுவது பெரும்பாலும் பஞ்சாங்கத்தில்தான். தமிழ்நாட்டில் அச்சானது இந்திய நேரம் காட்டும். நாம் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ‘தசமி இரவு 8.20 வரை’ என்றிருந்தால் சுங்கை சிப்புட்டில் அது 10.50 வரை. இரவு 9.30க்குக் காலமானவருக்குத் தசமிதான். கூட்டாமல் பார்த்தவர் ஏகாதசி என்று குறிப்பார். வருஷா வருஷம் திதி ஒரு நாள் தள்ளியே நடக்கும். ‘மலேசிய நேரம்’ என்று போட்ட உள்ளூர்க் காலண்டர் என்றால் கூட்டவே கூடாது.

லயத்து வீட்டில் காலமான தாத்தா பாட்டிக்குப் பழைய பஞ்சாங்கம் புரட்டுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது 1982 ஜனவரி 1 அன்று. எழுபதுகளில் இறந்தவருக்கு இரண்டு மணி நேரம் கூட்டினால் போதும். நாழிகைக் கணக்கானால், ஒரு நாழிகை 24 நிமிஷம். அங்கத்திய சூரிய உதயத்திலிருந்து எண்ணி மணியாக்கிய பிறகே கூட்டுங்கள்.

திதி இரண்டு நாளில் பரவினால், பிற்பகலில் அந்தத் திதி இருக்கும் நாளை எடுப்பது வழக்கம். பகலை ஐந்தாகப் பிரித்தால் நான்காம் பங்கு அது. நம் ஊரில் ஏறக்குறைய 2.30 முதல் 4.50 வரை. ஒரே மாதத்தில் திதி இருமுறை வந்தால் பெரும்பாலும் பிந்தியதையே கொள்வார்கள்.

யூதர்களுக்கும் இதே கணக்குத் தொல்லை உண்டு. யார்ட்சைட் எனும் நினைவு நாளை எபிரேய நாட்காட்டிப்படி பார்க்கிறார்கள். அவர்களுக்கு நாள் தொடங்குவதே அந்தியில் என்பதால், இருட்டிய பின் இறந்தவருக்கு மறுநாள் தேதி. விளக்கையும் முந்தைய மாலையே ஏற்றுவார்கள், 24 மணி நேரம் எரியும்படி.

நேரமே தெரியாவிட்டால் அமாவாசையில் கொடுக்கலாம். புரட்டாசி மகாளய அமாவாசை எல்லா முன்னோருக்கும் பொது. ஆனால் ஒரே குருக்கள் நாலைந்து தோட்டக் கோயிலைப் பார்க்கும் ஊரில் அன்றைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவுக்கும் அப்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.