பழைய காரில் ஏசி பொருத்தும் முன்

சேலத்தில் இருந்து தொப்பூர் கணவாய் ஏறி தருமபுரி வருகிறவர்களுக்குத் தெரியும், ஏப்ரல் மதியத்தில் ஏசி இல்லாத கார் என்ன பாடு படுத்தும் என்று. பழைய மாருதி 800, அம்பாசடர் வண்டிகளிலும் ஏசி பொருத்தலாம். ஆனால் கம்ப்ரஸர் விலை பேசும் முன் ரேடியேட்டரைப் பாருங்கள். ஏசி கேஸின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்ஸர் அதற்கு முன்னால்தான் உட்காரும். ரேடியேட்டருக்கு வரும் காற்றே சூடாகித்தான் வரும். போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டி என்றால் (நம்ம பக்கம் இது சகஜம்) உள்ளே உப்புப் படிந்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து, கூலன்ட் ஊற்றி, கண்டென்ஸருக்குத் தனி ஃபேன் வையுங்கள். ஆல்டர்னேட்டர் இந்தச் சுமையைத் தாங்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.

மாருதி 800-க்கு இருப்பதே 796 சிசி இன்ஜின். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்; அங்கே ஏசியை அணைத்துவிட்டு ஏறுவதுதான் வழி.

செகண்ட் ஹேண்ட் கிட் வாங்கினாலும் ரிசீவர் டிரையரும் (கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் பாகம்) ஓ-ரிங்குகளும் (இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள்) புதிதாக இருக்கட்டும். ஆர்-12 என்ற பழைய ஏசி கேஸ் காலத்துக் கம்ப்ரஸர் என்றால் ஆயிலையும் மாற்ற வேண்டும். பழைய மினரல் ஆயில் அதற்குப் பின் வந்த ஆர்-134ஏ கேஸோடு கலக்காது.

அப்புறம், கேஸ் ஏற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். அரை மணி நேரமாவது வேக்கம் போட்டு (பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி), பம்ப்பை நிறுத்திய பிறகு கேஜ் முள் அசையாமல் நிற்க வேண்டும். முள் ஏறினால் எங்கோ லீக். "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்று மெக்கானிக் சொன்னாலும், லீக்கைக் கண்டுபிடிக்காமல் கேஸ் ஏற்ற விடாதீர்கள்.