பிரெய்ரி பாணி வீட்டை ஆவணப்படுத்தும்போது

சிகாகோவில் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்து 1910-இல் கட்டி முடிக்கப்பட்ட ராபி இல்லம் போன்ற பிரெய்ரி பாணி (தாழ்ந்து நீண்ட கிடைமட்ட அமைப்பு கொண்ட அமெரிக்கக் கட்டடப் பாணி) வீடுகளை ஆவணமாகப் படமெடுப்பவர்கள், முதலில் கேமராவை முக்காலியில் பொருத்தி மட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும்; கிடைக்கோடுகளே உயிராக அமைந்த இக்கட்டடத்தில் லென்ஸ் சற்றே மேல்நோக்கினாலும் சுவர்கள் பின்சாய்ந்ததுபோல் தோன்றி, படத்தைக் கொண்டு அளவெடுக்க இயலாமல் போய்விடும். கட்டடத்தின் உச்சி படத்தில் அடங்கவில்லையெனில், கேமராவைச் சாய்க்காமல், லென்ஸை மட்டும் மேலே நகர்த்தக்கூடிய ஷிஃப்ட் லென்ஸைப் பயன்படுத்துங்கள்.

செங்கல் சுவருக்கென்று தனியாக நேரம் ஒதுக்குங்கள். ராபி இல்லத்தின் நீண்டு மெலிந்த செங்கற்களுக்கு இடையே, கிடைமட்டச் சாந்து உள்வாங்கி நிழல் விழும்படியும், செங்குத்துச் சாந்து செங்கல்லின் நிறத்திலேயே மறைந்துபோகும்படியும் செய்திருக்கிறார்கள். வியக்கவைக்கும் இந்த நுட்பம், வெயில் சுவரையொட்டிச் சாய்வாக விழும் வேளையில்தான் தெளிவாகப் பதியும். மாறாக, வெளியே நீண்டு நிற்கும் கூரையின் அடிப்பகுதியையும் அதன்கீழுள்ள வண்ணக் கண்ணாடிச் சன்னல்களையும் மேகமூட்டமான நாளில் எடுப்பதே நல்லது. உச்சிவெயிலில் அவை கரிய நிழலுக்குள் புதைந்துவிடும்.

ஒவ்வொரு முகப்புக்கும் அளவுகோலுடன் ஒரு படமாவது எடுத்து, திசையையும் தேதியையும் அங்கேயே குறித்துவிடுங்கள்.