மொட்டை மாடியில் டி-சர்ட் பிரிண்ட் போடுவது எப்படி

மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நீர்மோர் கொடுக்கும் எங்கள் தெருப் பையன்களுக்கு 22 டி-சர்ட் வேண்டும், நெஞ்சில் 'திருப்பாப்புலியூர்' என்று மட்டும் இருந்தால் போதும் என்றார்கள். விசாரித்த கடையில் 50க்குக் குறைந்து எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் இந்த வேலையில் நான் மாட்டிக்கொண்டேன். இப்போது மூன்று வருடமாக வீட்டு மொட்டை மாடியிலேயே போடுகிறோம்.

முதலில் ஒன்று. இஸ்திரி போட்டு ஒட்டும் டிரான்ஸ்ஃபர் பேப்பர் ஒரே ஒரு டி-சர்ட்டுக்குச் சரி. இருபது முப்பது என்றால் காசும் போகும், நாலு துவையலில் படம் வெடித்து உரியவும் ஆரம்பிக்கும். சூட்டில் மையை ஆவியாக்கித் துணியில் ஏற்றும் சப்ளிமேஷன் பாலியெஸ்டருக்குத்தான், பருத்தியில் நிற்காது. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் பாலியெஸ்டர் பனியன் போட்டுக்கொண்டு கடற்கரையில் நிற்க எனக்கு மனசு வரவில்லை. ஆகவே ஸ்கிரீன் பிரிண்ட். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய சல்லடைத் துணி, எழுத்து வரும் இடம் மட்டும் திறந்திருக்கும், மற்ற இடமெல்லாம் அடைத்திருக்கும், மேலே இங்க்கை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுத்தால் கீழே எழுத்து விழும்.

டி-சர்ட் நூறு சதவீதம் பருத்தியாக, 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கனத்தில், வெளிர் நிறத்தில் வாங்குங்கள். ஒரு முறை அலசிக் காயவைத்து விடுங்கள், புதுத்துணிக் கஞ்சி போகட்டும், சுருங்குவதும் முதலிலேயே சுருங்கட்டும். சாஃப்ட்னர் வேண்டாம். கறுப்பு டி-சர்ட் ஆசையை முதல் தடவை அடக்கிக்கொள்ளுங்கள். அதற்குத் துணி நிறத்தை மறைக்கிற கெட்டி வெள்ளை இங்க் வேண்டும், ஒரு கோட் போட்டு, ஹேர் டிரையரில் காயவைத்து, துணி நகராமல் அதன் மேலேயே இன்னொரு கோட் போட வேண்டும். பழகாத கைக்கு அது தலைவலி.

சட்டத்துக்கு, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடைகளில் கேட்டால் மரப் பிரேமில் மெஷ் (அந்தச் சல்லடைத் துணி) இழுத்துக் கொடுப்பார்கள். 'துணிக்கு' என்று அழுத்திச் சொல்லுங்கள். காகிதத்துக்கு அவர்கள் போடுவது ரொம்ப நைசான மெஷ், துணி இங்க் அதில் அடைத்துக்கொள்ளும். துணிக்கு 43டி வாங்கினால் போதும், அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு 43 இழை. ஸ்க்வீஜி என்கிற ரப்பர் பட்டையும், துணிக்கான பிக்மென்ட் இங்க்கும், வெளிச்சம் பட்டால் இறுகி மெஷ்ஷை அடைக்கும் போட்டோ எமல்ஷன் என்கிற பசையும் அங்கேயே கிடைக்கும், இல்லாவிட்டால் எங்கே கிடைக்கும் என்றாவது சொல்வார்கள். எமல்ஷனில் பைக்ரோமேட் கலக்கும் பழைய வகையைத் தவிர்த்துவிடுங்கள். விலை குறைவுதான், ஆனால் அது புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனம், குழந்தைகள் புழங்கும் வீட்டில் அதற்கு இடம் இல்லை. டயஸோ அல்லது ஃபோட்டோபாலிமர் வகை என்று கேட்டு வாங்குங்கள், அதற்கும் கையுறை வேண்டும்.

தமிழ் எழுத்து என்று வரும்போதுதான் விஷயமே இருக்கிறது. ஆரம்பத்தில் நான் எமல்ஷன் எல்லாம் எதற்கு என்று தடித்த அட்டையில் எழுத்தை வெட்டி, அதன் மேல் ஸ்பான்ஜால் ஒற்றிப் பார்த்தேன். 'லி'யின் சுழிக்குள் இருக்கும் துண்டு கழன்று கீழே விழுந்துவிட்டது, சுழி இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் குண்டு. ஸ்டிக்கர் ஷீட்டில் வெட்டி மெஷ்ஷின் அடியில் ஒட்டினால் இந்தத் துண்டுகளை மெஷ்ஷே பிடித்துக்கொள்ளும், பெரிய எழுத்து, எளிய படம் என்றால் அதுவே போதும். எமல்ஷன் போட்டால் இந்தக் கவலையே இல்லை. ஆனாலும் மெல்லிசான எழுத்துரு எடுக்காதீர்கள், சுழிகள் இங்க்கில் நிரம்பிப்போகும், கோடுகள் காணாமல் போகும். தடித்த, சுழி அகலமான எழுத்துருவாகத் தேர்ந்தெடுத்து, புள்ளியைக் கொஞ்சம் தள்ளி, பெரிதாக வையுங்கள்.

இன்னொன்று, ஜெராக்ஸ் கடைக்கு எழுத்தாகக் கொடுக்காமல் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ கொடுங்கள். ஒரு கடையில் நான் ஃபைலைத் திறந்து கொடுக்கச் சொன்னேன், அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லை போலிருக்கிறது, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று வந்தது. அவசரத்தில் நானும் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். ஓ.எச்.பி. ஷீட் என்கிற ஒளி புகும் பிளாஸ்டிக் தாளில் லேசர் பிரிண்ட் எடுங்கள், இதுதான் ஃபிலிம், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கறுப்பு கறுப்பாகவே இருக்க வேண்டும். சாம்பலாகத் தெரிந்தால் இரண்டு ஷீட்டைத் துல்லியமாக ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிவிடுங்கள்.

இனி எமல்ஷன். ஜன்னலை அடைத்து, ஒரு சின்ன மஞ்சள் பல்பு மட்டும் போட்டுக்கொண்டு, மெஷ்ஷின் இரு பக்கமும் பிளாஸ்டிக் ஸ்கேலால் மெல்லிசாக வழித்துப் பூசுங்கள். தடிப்பாகப் பூசினால் நல்லது என்று தோன்றும், அது தப்பு. இருட்டிலேயே படுக்கை வாக்கில், ஃபேனுக்குக் கீழே காய வேண்டும். கடலூர்க்காரர்களும் புதுச்சேரிக்காரர்களும் இங்கேதான் கோட்டை விடுவோம். கடல் காற்றில் ஈரம் அதிகம், ஐப்பசி கார்த்திகையில் ராத்திரி முழுக்க வைத்தாலும் பிசுபிசுப்பு போகாது. தொட்டால் ஒட்டுகிறதா, இன்னும் காயவில்லை என்று அர்த்தம். அரைகுறையாகக் காய்ந்ததை வெயிலில் காட்டி அலசினேன், மொத்தமும் குழம்பாக வழிந்து ஓடியது. மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம் என்பேன்.

நன்றாகக் காய்ந்த பிரேமைத் துணி படும் பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்து, உள்ளே கறுப்புத் துணி சுற்றிய ஒரு மெத்தைத் துண்டை வையுங்கள். மேலே ஃபிலிமை, மை இருக்கும் முகம் எமல்ஷனில் படும்படி வைத்து, கண்ணாடியால் அமுக்குங்கள். மேலிருந்து பார்த்தால் எழுத்து கண்ணாடியில் தெரிவது போல மாறித் தெரியும். பயப்படாதீர்கள், அதுதான் சரி. போர்வை போர்த்தி மாடிக்குக் கொண்டுபோய், உச்சி வெயிலில் போர்வையை எடுங்கள். எவ்வளவு நேரம்? ஃபோட்டோபாலிமர் என்றால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே முடிந்துவிடலாம், டயஸோவுக்குச் சில நிமிடங்கள் ஆகும். அதனால் முதலில் ஒரு சின்னத் துண்டு மெஷ்ஷில் சோதித்துப் பாருங்கள், ஒரு அட்டையால் மூடி முப்பது விநாடிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் எந்தப் பட்டை நன்றாக வருகிறதோ அதுதான் உங்கள் வெயிலுக்கான கணக்கு. உடனே குளியலறைக்கு ஓடி இருபக்கமும் தண்ணீர் விட்டு மெதுவாக அலசுங்கள். கறுப்பு மறைத்த இடம் இளகி எழுத்தாகத் திறக்கும். எல்லாமே கரைந்தால் வெயில் போதவில்லை அல்லது காயவில்லை; எழுத்தே திறக்கவில்லை என்றால் வெயில் அதிகம் அல்லது ஃபிலிமின் கறுப்பு போதவில்லை.

பிரேம் காய்ந்ததும் ஓரங்களை பிரவுன் டேப்பால் உள்ளேயும் வெளியேயும் அடையுங்கள். டி-சர்ட்டுக்குள் பரீட்சை அட்டையை நுழையுங்கள், இல்லாவிட்டால் இங்க் முதுகுக்கும் போய்விடும். கழுத்துப் பட்டைக்கு நாலு விரல் கீழே எழுத்து ஆரம்பிக்கட்டும். பிரேமின் நாலு மூலையிலும் இரண்டிரண்டு நாணயம் அடியில் வைத்தால் மெஷ் துணியை விட்டு லேசாகத் தூக்கி நிற்கும், இழுக்கும்போது மட்டும் தொட்டு விலகும், அப்போதுதான் ஓரம் கூர்மையாக வரும். இங்க்கை மேல்புறம் ஒரு வரிசையாக ஊற்றி, முதலில் அழுத்தாமல் ஒரு முறை பரப்புங்கள், பிறகு ஸ்க்வீஜியைச் சாய்த்துப் பிடித்து ஒரே அழுத்தத்தில் உங்கள் பக்கம் இழுங்கள். பாதியில் நிறுத்தாதீர்கள். முதல் நாலைந்தைப் பழைய பனியனில் போட்டுப் பாருங்கள்.

அடிக்கும்போது ஃபேனை அணைத்துவிடுங்கள். வியர்க்கும், என்ன செய்வது, காற்று பட்டால் இங்க் மெஷ்ஷிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். டீ குடிக்கப் போவதென்றால் இங்க்கை ஒருமுறை பரப்பி மெஷ்ஷை மூடிவிட்டுப் போங்கள், நீண்ட நேரம் என்றால் கழுவிவிடுங்கள். அடித்த டி-சர்ட்டைக் கொடியில் மடித்துப் போடாமல் பாயில் விரித்து வையுங்கள்.

ஒரு நாள் காய்ந்தபின், மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டு, ஆவி இல்லாமல், காட்டன் சூட்டில் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் இஸ்திரிப் பெட்டியை நகர்த்திக்கொண்டே இருங்கள். இங்க் டப்பாவில் வேறு சூடோ நேரமோ போட்டிருந்தால் அதையே கேளுங்கள். 22 டி-சர்ட்டுக்கு இது ஒரு சாயங்காலத்தையே தின்னும், அம்மா கரண்ட் பில்லைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார், ஆனால் இதை விட்டால் முதல் துவையலிலேயே எழுத்து மங்கிவிடும். மூன்று நாள் கழித்து உள்பக்கம் வெளியே திருப்பித் துவைக்கச் சொல்லிக் கொடுங்கள்.

பிரேமை அன்றைக்கே கழுவிவிடுங்கள், காய்ந்த இங்க் மெஷ்ஷை விட்டுப் போகாது. எமல்ஷனை எடுக்காமல் அப்படியே வைத்தால் அடுத்த வருடமும் அதே எழுத்து உதவும். எங்களுடையது பீரோவுக்குப் பின்னால் பழைய வேட்டியில் சுற்றி இருக்கிறது, இந்த முறை நீலத்துக்குப் பதிலாகச் சிவப்பு வேண்டுமாம்.