சாப்பாட்டு அறை அலங்காரம்: புதுச்சேரி, கடலூர் வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு வீட்டுக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் டைனிங் ஹால் வேலை செய்து கொடுத்தேன். வீட்டம்மா கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். பழைய பிரெஞ்சுக் குடியிருப்பான ஒயிட் டவுனில் ஏதோ ஒரு கஃபேயின் உள்பக்கம்: மஞ்சள் சுவர், வெள்ளை விளிம்பு, வட்டக் கண்ணாடி மேஜை, மேலே தொங்கும் பிரம்பு விளக்கு. "இதே மாதிரி வேணும் சார்" என்றார். அதே மாதிரியே செய்தோம். மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது உள்ளே கூப்பிட்டார்கள். மேஜை மேல் இஸ்திரி போட்ட துணி, கரண்ட் பில், பள்ளிக்கூடப் பை. குடும்பம் டிவி முன்னால் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பாட்டி மட்டும் அடுப்படி வாசலில் மணை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மேஜை நல்லாத்தான் இருக்கு தம்பி. நாற்காலியில உக்காந்தா எனக்குக் கால் தொங்குது, அதான்" என்றார்.

தவறு என்னுடையது. எந்தப் படம் பிடித்திருக்கிறது என்று கேட்டேனே தவிர, எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்கவில்லை. அதற்கப்புறம் யார் கூப்பிட்டாலும் முதலில் ஒரு வாரம் தங்கள் வீட்டையே கவனிக்கச் சொல்கிறேன். யார் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், எத்தனை பேர் சேர்ந்து உட்காருகிறார்கள், யார் பரிமாறுகிறார், தரையில் உட்காருபவர் உண்டா, மேஜையில் வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளை உண்டா? ஒரு வீட்டின் ரசனை அங்கேதான் தெரியும். வண்ணமும் விளக்கும் அதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை.

கஃபே மஞ்சள்

ஒயிட் டவுனில், அதாவது பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள தெருக்களில், அந்த மஞ்சள் எடுப்பாக இருக்கக் காரணம் வெயில். அது வெளிச்சுவர், கடற்கரை வெளிச்சம் நாள் முழுக்க அதன் மேல் விழுகிறது. அதையே அபார்ட்மெண்டில் பத்துக்குப் பத்து அறையில், ஒற்றை ஜன்னலும் வெள்ளை டியூப் லைட்டும் உள்ள இடத்தில் நாலு சுவருக்கும் அடித்தால் பச்சை கலந்து சோகை பிடித்தது போல் தெரியும். மஞ்சள்தான் வேண்டும் என்றால் ஜன்னலுக்கு எதிரே வெளிச்சம் படுகிற ஒரு சுவருக்கு மட்டும் அடியுங்கள். மற்றவை வெள்ளையாகவே இருக்கட்டும்.

ஒரே வீட்டில் இரண்டு மூன்று ரசனை மோதுவதும் உண்டு. கணவருக்குப் பிரெஞ்சு பாணி, மனைவிக்குப் பித்தளையும் மரத்தூணும், மகனுக்கு ஒன்றுமே இல்லாத வெறும் சுவர். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று ஒவ்வொரு சுவரிலும் கலந்துவிடுகிறார்கள். அறை கண்காட்சிக் கடை போல் ஆகிவிடுகிறது. இதற்கு நம் ஊரிலேயே பழைய பாடம் இருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் 18-ஆம் நூற்றாண்டு மாளிகையைப் பாருங்கள். கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ் வீடு, மேல்தளம் ஐரோப்பிய பாணித் தூண்கள். தமிழர் பகுதியில் இப்படிக் கீழே திண்ணையும் மேலே பிரெஞ்சு முகப்புமாக இன்னும் பல வீடுகள் உண்டு. இரண்டு பாணிக்கும் தனித்தனி இடம் கொடுத்ததால்தான் அவை இன்றும் பார்க்க நிறைவாக இருக்கின்றன. உங்கள் அறையிலும் அப்படியே செய்யலாம். மரச்சாமான் ஒருவர் ரசனை, சுவர் இன்னொருவர் ரசனை, அலமாரி மூன்றாமவர் ரசனை என்று பிரித்துக்கொண்டால் சண்டையும் குறையும்.

அளக்காமல் வாங்குவது

கடையில் ஆறு பேர் மேஜை என்று சொல்வது பெரும்பாலும் ஐந்தடிக்கு மூன்றடி. கடையின் பெரிய கூடத்தில் அது சின்னதாகத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் வழியை அடைத்து நிற்கும். வாங்குவதற்கு முன் செய்தித்தாளை அந்த அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்து, இரண்டு நாள் அதைச் சுற்றியே நடந்து பாருங்கள். தட்டு வைத்துச் சாப்பிட ஒருவருக்கு இரண்டடி அகலம் போதும். ஆனால் நம் வீடுகளில் பரிமாறுகிறவர் நின்றுகொண்டுதான் பரிமாறுகிறார். நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது குழம்புச் சட்டியோடு அவர் பின்னால் போய்வர, மேஜை விளிம்பிலிருந்து சுவர் வரை மூன்றடியாவது வேண்டும்.

அப்புறம் இலை. தலைவாழை இலை இரண்டடிக்குக் குறையாது. ஆறடி மேஜையில் ஒரு பக்கம் மூன்று தட்டு வைக்கலாம். மூன்று இலை போட்டால் ஒருவர் இலையின் நுனி அடுத்தவர் இலை மேல் ஏறும். வட்ட மேஜையில் இரண்டு ஓரமும் வெளியே தொங்கும். பொங்கலுக்கும் தெவசத்துக்கும் இலை போட்டே தீர வேண்டிய வீடு என்றால், நீள மேஜையைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன்.

லாஸ்பேட்டைப் பாட்டிக்கு அப்புறம் ஒரு வழி செய்தோம். ஜன்னலோரம் ஓரடி உயரத்தில் ஒரு குட்டித் திண்ணை. மேலே சிவப்பு ஆக்சைடு பூசி, வழுவழுவென்று தேய்த்தெடுத்தது. தட்டு வைக்க ஒரு முக்காலி. பாட்டி அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் நாற்காலியில் இருக்கும் பேத்தி முகம் தெரிகிற தூரம். அந்த அறையில் நான் செய்த வேலையிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

விளக்கும் ஃபேனும்

படங்களில் மேஜைக்கு நேர் மேலே ஒரு விளக்கு தொங்கும், ஃபேன் இருக்காது. நம் ஊரில் சித்திரை மாதம் ஃபேன் இல்லாமல் யாரும் சோறு தின்ன முடியாது. ஆகவே இரண்டையும் மாட்டுகிறார்கள். விளக்கு ஃபேனுக்கு மேலே இருந்தால் இறக்கைகள் வெளிச்சத்தை வெட்டி வெட்டித் தட்டில் விழ வைக்கும். பத்து நிமிஷத்தில் தலை வலிக்கும். கீழே தொங்கினால் காற்றில் ஆடி, நிழலும் சேர்ந்து ஆடும். நடுவிடத்தை ஃபேனுக்கே விட்டுவிடுங்கள். சாதாரண 48 அங்குல ஃபேன் நடுவிலிருந்து இரண்டடி சுற்றும். அந்த வட்டத்துக்கு வெளியே சுவர் விளக்கு இரண்டு வைத்தால் போதும். ஃபேன் வேறு பக்கம் இருக்கிற அறையில் தொங்கும் விளக்கு தாராளமாக வைக்கலாம். மேஜைப் பலகையிலிருந்து இரண்டரை முதல் மூன்றடி உயரத்தில் இருந்தால் முகத்தை மறைக்காது, கண்ணும் கூசாது.

பல்பு வாங்கும்போது பெட்டியில் உள்ள எண்ணைப் படியுங்கள். 6500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை. அந்த வெளிச்சத்தில் வத்தக்குழம்பு கறுத்தும் ரசம் வெளிறியும் தெரியும். 2700 அல்லது 3000 கெல்வின் போடுங்கள். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும்; அது 90 என்றால் நல்லது. சில நூறு ரூபாயில் அறையே மாறிவிடும். நான் இதுவரை பார்த்ததில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தருவது வேறெதுவும் இல்லை.

கடலை மறப்பது

உப்புக் காற்றுக்கு எந்தப் பாணியும் ஒரு பொருட்டில்லை. மெல்லிய இரும்புக் கால் மேஜை வாங்கினால், தினம் துடைக்கிற ஈரத்தில் கால் அடியில் துருவேறி வெள்ளை டைல்ஸில் பழுப்பு வட்டம் பதிந்துவிடும். அது லேசில் போகாது. ஸ்டீல்தான் வேண்டும் என்றால் 202 தரம் வேண்டாம், 304 கேளுங்கள். அலமாரிக்கு மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை. அடுத்த சில நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு நான் பார்த்த சைடு அலமாரிகள் அடிப்பக்கம் ரொட்டி போல ஊறி உப்பியிருந்தன. ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட், அதாவது ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது, வாங்குங்கள். அலமாரியைத் தரையோடு ஒட்டாமல் நாலு அங்குலம் தூக்கிக் கருங்கல் துண்டின் மேல் வையுங்கள்.

என் வீட்டு மேஜை பலா மரம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூர் மாவட்டத்தில் பலாவையும் முந்திரியையும் சாய்த்துப் போட்டதே, அதில் பண்ருட்டிப் பக்கம் என் மாமனார் வீட்டுக் கொல்லையில் விழுந்த மரம். விறகுக்குக் கேட்டு ஆள் வந்தது, அவர் கொடுக்கவில்லை. பலகையாக அறுத்து, இடையிடையே குச்சி வைத்து மாட்டுக்கொட்டகைப் பரணில் அடுக்கி ஒன்றரை வருஷம் காயப்போட்டார். இழைக்கும்போது ஒரு பலகையில் பெரிய கணு. "இத வெட்டிப் போட்டுடலாங்களா?" என்று ஆசாரி கேட்டார். "இருக்கட்டும் ஆசாரியாரே, காய் தொங்கின இடம் அது" என்றார் மாமனார். புதிதில் பளீர் மஞ்சளாக இருந்த பலகை இப்போது தேன் நிறத்தையும் தாண்டிச் செம்பழுப்பாகிவிட்டது. ஓர் ஓரத்தில் என் மகள் காம்பஸ் முனையால் கீறிய பூ இருக்கிறது. அதைத் தேய்த்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை. சுவரில் ஒரு படம்கூட மாட்டவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் மேஜையைத்தான் தடவிப் பார்க்கிறார்கள்.

அவரவர் பாணியில் வரும் தவறுகள்

பித்தளை பிடித்தவர்கள் இருபது பாத்திரத்தை அடுக்கிவிடுகிறார்கள். கடற்கரை ஊரில் பித்தளை சீக்கிரம் கறுக்கும். மாதம் ஒருமுறை புளி போட்டுத் தேய்க்க ஆள் இருந்தால் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு குத்துவிளக்கும் ஒரு சொம்பும் போதும். ஆத்தங்குடிக் கல் பிடித்தவர்கள் கவனிக்க: அது சிமெண்டு. எலுமிச்சைச் சாறும் புளித்தண்ணீரும் விழுந்தால் அரித்துவிடும். மேஜைக்கு அடியில் போடாமல் ஓரப்பட்டையாகவோ சுவரிலோ போடுங்கள்.

எளிமை விரும்பிகள் செய்யும் தவறு, அலமாரியே வேண்டாம் என்பது. ஊறுகாய் ஜாடி, உப்பு, தண்ணீர்ச் செம்பு, அப்பாவின் பிரஷர் மாத்திரை இதெல்லாம் எங்கே போகும்? ஒரே வாரத்தில் மேஜை மேல் ஏறிவிடும். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் கதவு போட்ட ஒரு சின்ன அலமாரி இருந்தால்தான் வெறும் மேஜை வெறும் மேஜையாக இருக்கும்.

பழைய பிரெஞ்சு காலத்துச் சாமான் தேடுகிறவர்கள் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மாவு மாதிரி தூள் உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. மேஜை ஒரு கடையிலும் நாற்காலி வேறு கடையிலும் வாங்கினால் உயரம் பொருந்தாது. உட்காரும் பலகைக்கும் மேஜைப் பலகைக்கும் நடுவே ஓரடி இடைவெளி வேண்டும். அளவு நாடா இல்லாமல் போகாதீர்கள்.

பூச்சாடி, பொம்மை எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். வில்லியனூர்ச் சுடுமண் வேலை பக்கத்திலேயே கிடைக்கிறது. 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியால் இந்த ஊரில் வேர்விட்ட சுட்ட களிமண் தட்டுகளும் அழகு. ஆனால் கனம். தினம் எவர்சில்வர் தட்டில் சாப்பிடுகிற வீட்டில் விருந்தாளிக்கு நாலு தட்டு போதும்.

கை கழுவும் இடத்தைப் பலர் கடைசியில் நினைத்து, மேஜைக்கு இரண்டடியில் வாஷ்பேசினை வைத்துவிடுகிறார்கள். சாப்பிடுகிறவர் காதில் இன்னொருவர் வாய் கொப்பளிக்கும் சத்தம் விழக் கூடாது. ஒரு மறைப்புக்கு அந்தப் பக்கம் வையுங்கள். திருகும் குழாய் வேண்டாம். எச்சில் கை படாமல் முழங்கையால் தள்ளித் திறக்கிற நீளப்பிடிக் குழாய் போடுங்கள்.

பெயிண்ட் விஷயத்தில் எல்லாரும் போகிக்கு முன்னால் முடித்துவிடச் சொல்லி அவசரப்படுத்துகிறார்கள். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழை குடித்த சுவர் அதற்குள் காய்வதில்லை. தரைத்தள வீடு என்றால் உப்புப் பூத்து, புதுப் பெயிண்ட் செதில் செதிலாக வரும். ஒரு சாண் அளவு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக ஈரம் கோத்திருந்தால் பெயிண்டரை மாசிக்கு வரச் சொல்லுங்கள்.