ராபி ஆக நினைக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு

ராபி என்றால் யூதர்களின் மத குரு. மலேசியாவில், நம்ம சுங்கை சிப்புட்டில் ராபியா என்று சிரிக்காதீர்கள். என் தங்கை மகள் அமெரிக்காவில் அந்தப் படிப்பில்தான் இருக்கிறாள். போன மாதம் கோயில் அன்னதானப் பந்தியில் ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, அதற்கு என்ன செய்யணும்?" என்று மெல்லக் கேட்டான். ரசம் ஊற்றி முடிப்பதற்குள் சொல்லிவிடுகிற விஷயமா அது? அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஏன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவளுக்குக் காரணம் என் செக்ரோல், அதாவது தொழிலாளிகளின் வருகையும் கூலியும் எழுதும் ஏடு. நான் முப்பது வருஷம் தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதுபவன். ஏழாம் தேதி சம்பளம் தள்ளிப்போன மாதங்களில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்பவர்களின் முகத்தைப் பார்க்காமல் ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன். ஒருநாள் போனில் யூத வேதத்திலிருந்து உபாகமம் 24:15-ஐப் படித்துக் காட்டினாள். கூலியை அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும். அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான் என்று வருகிறது. "மாமா, இது உங்க செக்ரோல் கதைதானே?" என்றாள். நான் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்தது, ராபி ஆகுமுன் யூதர் ஆக வேண்டும். இங்கே இருந்துகொண்டு அது நடக்காது. பினாங்கில் 1805-இல் தொடங்கிய யூதர் இடுகாடு இருக்கிறது, ஆனால் நம் நாட்டில் யூதர்கள் கூடி வழிபடும் ஜெப ஆலயம் இல்லை. பக்கத்தில் என்றால் சிங்கப்பூர். வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1878-இல் கட்டியது ஒன்று உண்டு. பெட்டியைக் கட்டிக்கொண்டு போய் நின்றவுடன் வா வா என்று கூப்பிட மாட்டார்கள். வருகிறவரை மூன்று முறை திருப்பி அனுப்புவது பழைய மரபு. ஒரு சபையோடு சேர்ந்து எல்லாப் பண்டிகையும் ஒரு சுற்று வரும்வரை பழக வேண்டும். பிறகு மூன்று பேர் அமர்ந்த மன்றம் கேள்வி கேட்கும், கடைசியில் மிக்வே என்ற நீரில் முழுக்கு. ஆண்களுக்கு விருத்தசேதனமும் (சுன்னத்து) உண்டு, யோசித்துக்கொள்ளுங்கள். முற்போக்குச் சபைகளில் செய்யும் மதமாற்றத்தை வைதீகச் சபைகள் ஏற்பதில்லை. இதையும் முன்னாடியே தெரிந்துகொள்வது நல்லது.

எபிரேயத்தை இன்றே தொடங்கலாம். இருபத்திரண்டு எழுத்து, வலமிருந்து இடம். மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி படித்தவர்களுக்குக் கை தானாக அந்தப் பக்கம் போகும். யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூது பெரும்பாலும் அரமேய மொழியில் இருக்கிறது, அதுதான் கடினம். இரண்டு பேராக உட்கார்ந்து சத்தமாக வாதாடித்தான் படிப்பார்கள். ஹவ்ரூதா என்று பெயர். லீவில் வீட்டுக்கு வந்தபோது விடியற்காலை ஐந்து மணிக்கு, அங்கே மாலை ஐந்து, கணினி முன்னால் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்காள் சண்டை என்று நினைத்து ஓடிவந்துவிட்டார்.

கல்லூரிக்குப் போக ஒரு பட்டம் வேண்டும். படிப்பு பெரும்பாலும் ஐந்து ஆண்டு. சின்சினாட்டியில் 1875-இல் தொடங்கிய ஹீப்ரு யூனியன் காலேஜ் சீர்திருத்த மரபு, முற்போக்குப் பிரிவுகளில் ஒன்று. 1972-இல் அமெரிக்காவின் முதல் பெண் ராபியான சாலி பிரீசாண்டுக்குப் பட்டம் கொடுத்தது அதுதான். அவருக்கு முன்பே 1935-இல் ஜெர்மனியில் ரெஜினா யோனாஸ் ராபியானார். 1944-இல் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார். பிலடெல்பியாவில் 1968-இல் தொடங்கிய மறுகட்டமைப்புக் கல்லூரி, இதுவும் ஒரு முற்போக்குப் பிரிவு, ஓரினச் சேர்க்கையாளர்களை 1984 முதல் வெளிப்படையாகவே சேர்த்துக்கொள்கிறது. எல்லாரையும் சேர்த்து நடத்தும் சபைதான் உங்கள் ஆசை என்றால் இந்த மாதிரி இடங்களைப் பாருங்கள். சில கல்லூரிகள் ஓராண்டு எருசலேமில் படிக்கச் சொல்லும். நம் பாஸ்போர்ட்டில் இஸ்ரேல் தவிர என்று அச்சடித்திருக்கிறதே, அதனால் விண்ணப்பிக்கும் முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

விண்ணப்பக் கட்டுரையில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுவார்கள். அமெரிக்காவின் செல்மாவில் 1965-இல் கறுப்பினத்தாரின் வாக்குரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங்கோடு ஊர்வலமாக நடந்த ராபி ஹெஷலைப் பற்றி அவள் நாலு பக்கம் எழுதியிருந்தாள். அதை எல்லாரும் எழுதுவார்கள், தாத்தாவை எழுது என்றேன். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த நம்ம ஊர் சம்பந்தன் 1960-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். தொழிலாளிகளே காசு சேர்த்துத் தோட்டம் வாங்குவது திட்டம். என் அப்பா ரப்பர் பால் வெட்டிய கூலியில் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார். இதை எழுதினாள்.

அங்கே போனாலும் எல்லாம் இனிக்காது. ஒரு சபையில் முதல் நாள் வாசலில் நின்றவர், எந்தப் பாட்டியைப் பார்த்துக்கொள்ள வந்தாய் என்று அவளைக் கேட்டாராம். அவள் அழுதாள், அப்புறம் அதே சபையில் வாசலில் நின்று வரவேற்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சரிவுப் பாதை உண்டா, கறுப்பினக் குடும்பம் எங்கே உட்கார்கிறது என்பதெல்லாம் அங்கே நின்றால்தான் கண்ணில் படும் என்கிறாள்.

வீட்டில் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். என் தங்கை மூன்று மாதம் பேசவில்லை. கோயிலை விட்டுவிட்டாளே என்பது ஒன்று, நண்டுக் குழம்பை விட்டுவிட்டாளே என்பது இன்னொன்று, யூத உணவு விதிப்படி நண்டு கூடாது. எது பெரிய துக்கம் என்று நான் கேட்கவில்லை. இப்போது மகள் வரும் நாளில் புதுச் சட்டி வாங்கிக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைக்கிறாள். அந்தச் சட்டியை வேறு யாரும் தொடக்கூடாது, நான் உட்பட.